சூப்பை மசித்த கைகள்

சமையல் குறிப்புகளில் அடிக்கடி வரும் சொல் ‘எளிய’. எளிய காய்கறி சூப், எளிய மதிய உணவு, எளிய இனிப்பு. அந்த எளிமை எப்போது வந்தது, யார் கையிலிருந்த வேலையை எது வாங்கிக்கொண்டதால் வந்தது என்று அந்தக் குறிப்புகள் சொல்வதில்லை. நான் அடிக்கடி செய்யும் ஒரு சூப்பை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கிறேன். லீக்ஸையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, மசித்து, கொஞ்சம் க்ரீம் சேர்க்கும் பிரெஞ்சு சூப் அது. பிரான்சில் இதற்கு ‘பொத்தாஜ் பார்மாந்தியே’ என்று பெயர்.

முதலில் செய்முறை. நான்கைந்து பேருக்கு 400 கிராம் உருளைக்கிழங்கு, 400 கிராம் லீக்ஸ், ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்பு. லீக்ஸ் வெங்காயத்தின் உறவு. பருத்த வெங்காயத்தாள் போல இருக்கும். இலங்கைத் தமிழர் வீடுகளில் அன்றாடக் காய். தமிழ்நாட்டில் மலைக் காய்கறி விற்கும் கடைகளில் கிடைக்கும். அதன் மடிப்புகளுக்குள் மண் இருக்கும் என்பதால் நீளவாக்கில் பிளந்து ஒவ்வோர் அடுக்காகக் கழுவ வேண்டும். நறுக்கி, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, கிழங்கும் தண்ணீரும் உப்பும் சேர்த்து 40 நிமிடம் சிறுதீயில் வேகவிட வேண்டும். பிறகு மசிக்க வேண்டும். இறக்கும்போது மூன்று நான்கு மேசைக்கரண்டி க்ரீம். அவ்வளவுதான்.

‘மசிக்க வேண்டும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

அடுப்படியில் நின்றவர்கள்

‘சூப்’ என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் குழம்பையோ சாற்றையோ குறிக்கவில்லை. கிண்ணத்தின் அடியில் வைத்த ரொட்டித் துண்டைக் குறித்தது. அதன்மேல் கொதிக்கும் சாற்றை ஊற்றி ஊறவைப்பதுதான் உணவு. ‘பொத்தாஜ்’ என்றால் பானையில் வெந்தது. இரவு உணவுக்கே ‘சூப்பே’ என்று பெயர் வந்ததும் இந்தச் சொல்லிலிருந்துதான். நாம் ‘சோறு’ என்று சொல்லி மொத்தச் சாப்பாட்டையும் குறிப்பதுபோல, பிரெஞ்சுக் கிராமம் சூப் என்று சொல்லி உணவையே குறித்தது.

அந்தப் பானை பெண்ணின் பொறுப்பு. தண்ணீர் சுமப்பது, விறகு வைப்பது, முட்டைக்கோஸும் லீக்ஸும் தோட்டத்திலிருந்து பறிப்பது, பானை அடிப்பிடிக்காமல் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பல பகுதிகளில் ஆண்கள் மேசையில் அமர்ந்து உண்டார்கள். பெண்கள் பரிமாறியபடி அடுப்பருகே நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். நம் வீடுகளில் ‘எல்லாரும் சாப்பிட்ட பிறகு’ என்று தட்டைப் போட்டுக்கொண்ட பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கிழங்கும் குடியரசும்

இந்த சூப்புக்குப் பெயர் கொடுத்தவர் அந்துவான் பார்மாந்தியே. ராணுவ மருந்தாளுநர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவில் சிறைப்பட்டபோது உருளைக்கிழங்கு தின்று பிழைத்தார். ஊர் திரும்பியதும், மாட்டுத்தீவனம் என்று பலரும் ஒதுக்கிய கிழங்கை மனிதர்களின் உணவாக்கப் பிரசாரம் செய்தார். அதனால்தான் பிரெஞ்சு உணவுப் பட்டியலில் ‘பார்மாந்தியே’ என்றால் உருளைக்கிழங்கு சேர்ந்தது என்று பொருள். ஆண்டீஸ் மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இந்தக் கிழங்கைப் பயிரிட்டவர்களின் பெயர் எந்த சூப்பிலும் இல்லை. அங்கே விதைக்கிழங்கைத் தேர்ந்து காப்பது இன்றும் பெரும்பாலும் பெண்கள்தான்.

பிரெஞ்சுப் புரட்சி இந்தக் கதைக்குள் வருவது ரொட்டி வழியாக. 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள். மறுநாள் அரசர் குடும்பம் அவர்களோடு பாரிசுக்கு வந்தது. பிறகு நடந்ததைத் தேதிவாரியாகப் பாருங்கள். 1793 அக்டோபரில் பெண்களின் அரசியல் சங்கங்கள் தடை செய்யப்பட்டன. நவம்பரில், பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூஜ் கில்லட்டினில் கொல்லப்பட்டார். 1795 மே மாதம், பெண்கள் வீடு திரும்ப வேண்டும், தெருவில் ஐந்து பேருக்கு மேல் கூடினால் கலைக்கப்படுவார்கள் என்று ஆணை வந்தது.

புரட்சி நாட்காட்டியின் அதே மூன்றாம் ஆண்டில் பாரிசில் ஒரு சிறிய நூல் வெளிவந்தது. பெயர் ‘குடியரசுச் சமையல்காரி’. முழுக்க உருளைக்கிழங்குச் சமையல். ரொட்டி இல்லாத காலத்தில் கிழங்கை எப்படியெல்லாம் செய்யலாம் என்று சாதாரண வீடுகளுக்குச் சொன்னது. பிரான்சில் ஒரு பெண் எழுதி அச்சான முதல் சமையல் நூல் என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் ஆசிரியர் பெயர் நூலில் இல்லை. மதாம் மெரிகோ எழுதியது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தெருவில் கூடக்கூடாது என்று சொல்லப்பட்ட அதே ஆண்டில், ஒரு பெண் அடுப்படியிலிருந்து தன்னைப் போன்ற பெண்களோடு பேச அச்சு இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டாள் என்று நான் இதைப் படிக்கிறேன். இன்னொரு விதமாகவும் படிக்கலாம்: குடியரசு பெண்ணுக்கு ஒதுக்கிய இடம் எது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. இரண்டும் உண்மைதான்.

உணவுப்பட்டியலில் இடம்பெற்ற பெண்கள்

‘ரெஸ்டாரன்ட்’ என்ற சொல்லும் சூப்பிலிருந்து பிறந்ததுதான். உடல் தேறக் குடிக்கும் சத்தான சாற்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் அந்தச் சாற்றை விற்ற கடைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காய்ச்சலில் கிடந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வீட்டில் கூலியின்றிக் காய்ச்சிக் கொடுத்தது கடைக்கு வந்ததும் விலையும் பெயரும் பெற்றது. காலப்போக்கில் அந்தத் தொழிலின் உச்சியில் ஆண்களே நின்றார்கள்.

1903இல் வெளிவந்த தன் பெரும் சமையல் நூலில் ஒகுஸ்த் எஸ்கோஃபியே கெட்டியான சூப்புகளைப் பியூரே, வெலூத்தே, க்ரெம் என்று வகைப்படுத்தினார். ஒவ்வொன்றுக்கும் குழைவைத் தருவது வேறு பொருள்: ஒன்றில் மசித்த காய், ஒன்றில் முட்டை மஞ்சள் கரு, ஒன்றில் க்ரீம். அந்தப் பட்டியல்களில் பெண்களின் பெயரும் உண்டு. காலிஃபிளவர் சூப்புக்கு ‘து பாரி’, காளான் சேர்ந்த ஒரு சூப்புக்கு ‘ஆன்யெஸ் சொரெல்’. முன்னவர் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி. 1793இல் கில்லட்டினில் இறந்தார். பின்னவர் ஏழாம் சார்லஸின் ஆசைநாயகி. சூப்பில் பெயர் இடம்பெற ஒரு பெண் அதைச் சமைத்திருக்க வேண்டியதில்லை; அரசனுக்கு நெருக்கமாக இருந்தால் போதும்.

சரி, அந்தக் குழைவு எப்படி வந்தது? வட்டச் சட்டத்தில் குதிரைமுடியையோ கம்பி வலையையோ இழுத்துக் கட்டிய சல்லடை ஒன்று உண்டு. வெந்த காயை அதன்மேல் கொட்டி, காளான் வடிவ மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து அந்தப் பக்கம் இறக்க வேண்டும். அடியில் ஒட்டியதை வழிக்க வேண்டும். மறுபடி தேய்க்க வேண்டும். பெரிய ஓட்டல்களில் இந்த வேலை செய்யப் பயிற்சிப் பையன்கள் இருந்தார்கள். நடுத்தர வீட்டில் ஒரே ஒரு வேலைக்காரப் பெண் இருந்தாள். அவளும் இல்லாத வீட்டில் மனைவி. கீரையை மத்தால் கடைந்தவர்களுக்குத் தோள்பட்டையில் எந்த இடம் வலிக்கும் என்று தெரியும். சல்லடையில் கிழங்கு தேய்த்தாலும் அங்கேதான் வலிக்கும்.

1895இல் பாரிசில் மார்த் திஸ்தெல் என்ற பத்திரிகையாளர் சமையல் இதழ் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதிலிருந்து ‘கோர்தோன் ப்ளூ’ பள்ளி பிறந்தது. நிறுவியவர் பெண். இதழைப் படித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடுப்பின் முன் நின்று கற்பித்தவர்கள் ஆண்கள்.

அம்மாவின் சூப், மகனின் கண்டுபிடிப்பு

பிரான்சின் நடுப்பகுதியில், விஷி நகரத்துக்குப் பக்கத்தில் மோன்மரோ என்ற சிற்றூர். அங்கே பிறந்த லூயி தியா நியூயார்க்கின் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டலில் தலைமைச் சமையல்காரர் ஆனார். 1917 கோடையில் அங்கு வருவோருக்குக் குளிர்ச்சியாகப் புதிதாக ஒன்று செய்ய விரும்பியபோது, அம்மாவும் பாட்டியும் செய்த லீக்ஸ்–உருளைக்கிழங்கு சூப் அவருக்கு நினைவுக்கு வந்தது. சிறுவயதில் அண்ணனும் தானும் வெயில் காலத்தில் அதில் குளிர்ந்த பால் ஊற்றி ஆற்றிக் குடித்ததை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதையே நன்றாகச் சலித்து, க்ரீம் சேர்த்து, குளிர வைத்துப் பரிமாறினார். ‘விஷிஸ்வாஸ்’ என்று பெயர் வைத்தார்.

உலகெங்கும் போன பெயர் அது. ஊரின் பெயர் அதில் இருக்கிறது. கண்டுபிடித்தவர் என்று மகனின் பெயர் கலைக்களஞ்சியங்களில் இருக்கிறது. இதில் தியாவின் தவறு எதுவுமில்லை. எங்கிருந்து கற்றேன் என்று அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அம்மா செய்தால் அது ‘வீட்டுச் சாப்பாடு’. அதற்கு ஆசிரியர் கிடையாது, காற்றும் தண்ணீரும் போல எப்போதும் இருப்பது. மகன் சம்பளத்துக்குச் செய்தால் கண்டுபிடிப்பு.

அதே தலைமுறையில் எதிர்த் திசையில் நடந்த ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். யூஜெனி ப்ராசியே, பிறப்பு 1895. ஐந்து வயதில் பன்றி மேய்த்தார். பத்து வயதில் தாயை இழந்தார். திருமணமாகாமல் கருவுற்றதால் தந்தை வீட்டைவிட்டு அனுப்பினார். லியோன் நகரத்தில் வீட்டு வேலைக்குப் போய், சமையல் கற்று, 1921இல் சொந்தமாக உணவகம் திறந்தார். லியோனில் இப்படி வீட்டு வேலையிலிருந்து வந்து உணவகம் நடத்திய பெண்கள் பலர். ‘மேர்’, அதாவது அம்மா என்றே அவர்களை அழைத்தார்கள். ஆண் சமையல்காரர் ‘ஷெஃப்’, அதாவது தலைவர். 1933இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று மிஷெலின் நட்சத்திரங்கள் பெற்ற பிறகும் அவர் ‘மேர் ப்ராசியே’தான். அன்பான சொல்தான். ஆனால் அந்த அன்பில் தொழில் மறைந்துபோகிறது.

1961இல் அமெரிக்காவில் ஜூலியா சைல்ட், சிமோன் பெக், லூயிசெத் பெர்தோல் ஆகிய மூன்று பெண்கள் சேர்ந்து எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூல் வெளிவந்தது. வேலையாள் இல்லாத வீட்டுக்காரிக்காக எழுதப்பட்ட அந்த நூலின் முதல் சூப் நம் லீக்ஸ்–உருளைக்கிழங்கு சூப்தான். அரை நூற்றாண்டு கழித்து அது மறுபடி பெண்கள் கையெழுத்தோடு வந்தது.

நேரமில்லாதவள்

மசிக்க ஆள் இருந்த வீடுகளின் கதை இது. ஆளும் நேரமும் இல்லாத வீடு எப்படி இருந்தது? 1880களில் சுவிட்சர்லாந்தின் ஆலைகளில் பெண்கள் நாளெல்லாம் உழைத்தார்கள். சமைக்க நேரமில்லாததால் தொழிலாளர் குடும்பங்கள் சத்தில்லாமல் வாடுகின்றன என்று அங்கே ஒரு பொதுநல அமைப்பு கவலைப்பட்டது. மாவு ஆலை நடத்திய யூலியுஸ் மாகியிடம் தீர்வு கேட்டது. 1886இல் பட்டாணி, அவரை மாவில் தயாரான சூப் பொடிகள் சந்தைக்கு வந்தன. நாம் நூடுல்ஸ் என்று அறிந்த ‘மேகி’யின் தொடக்கம் இது. தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் கெட்டியான சூப். பெண்ணின் வேலை நேரத்தைக் குறைப்பது, கூலியை உயர்த்துவது, சமையலை ஆணும் பகிர்வது என்று வேறு தீர்வுகளும் இருந்தன. பொடி கிடைத்தது.

‘பெண்ணை விடுவிக்கும்’ இயந்திரம்

1932இல் ழான் மாந்த்லே என்ற பிரெஞ்சுக்காரர் காய்கறி மசிக்கும் கைச்சுற்று ஆலை ஒன்றுக்குக் காப்புரிமை பதிந்தார். துளைத்தட்டு, அதன்மேல் சுழலும் சாய்வான தகடு, ஒரு கைப்பிடி. மனைவி செய்த கிழங்கு மசியலில் கட்டி இருந்ததைப் பார்த்து இது தோன்றியதாகக் கதை சொல்வார்கள். சல்லடையில் நீண்ட நேரம் பிடித்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. மலிவாக விற்றதால் வீட்டுக்கு வீடு போனது. நிறுவனம் நோர்மாந்தியின் அலான்சோன் நகரத்துக்குப் போய் வளர்ந்தது. பின்னர் மின்கருவிகளும் செய்து ‘மூலினெக்ஸ்’ என்று பெயர் பெற்றது. 1960களில் அதன் விளம்பர வாசகம், மூலினெக்ஸ் பெண்ணை விடுவிக்கிறது என்றது.

அந்த விடுதலையைப் பக்கத்தில் சில தேதிகளோடு வைத்துப் பார்க்கலாம். 1804இன் சிவில் சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. அந்த விதி 1938 வரை இருந்தது. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல். கணவன் ஒப்புதல் இல்லாமல் மணமான பெண் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் சட்டம் இடம் கொடுத்தது 1965இல். தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாதவளுக்கு, கிழங்கு மசிக்கும் மின்கருவி ‘விடுதலை’யாக விற்கப்பட்டது.

அந்தக் கருவிகளைப் பூட்டிப் பொருத்தியவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். நோர்மாந்திக் கிராமங்களிலிருந்து ஆலைக்கு வந்தவர்கள். ஒரே அசைவை நாள் முழுதும் செய்தார்கள். சல்லடையிலிருந்து விடுபட்ட தோள் உற்பத்தி வரிசையில் வலித்தது. கூடவே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த ஆலை அவர்களுக்குச் சம்பளம் தந்தது, தோழிகளைத் தந்தது, சங்கம் தந்தது. 2001இல் நிறுவனம் திவாலாகி ஆலைகள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் அங்கே உழைத்த பெண்கள் வாசலில் நின்று போராடினார்கள்.

நம் மிக்ஸி

இந்தியாவில் மிக்ஸியின் கதையும் ஒரு மனைவியிடம்தான் தொடங்குகிறது. வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸர் நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் நின்றுபோக, மாதுரி மாத்தூரின் கணவர், பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், வலுவான மோட்டார் கொண்ட ஒன்றைச் செய்தார். 1963இல் ‘சுமீத்’ பிறந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அதை ஏளனம் செய்தவர்கள் அம்மியில் அரைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

என் அம்மாவுக்குப் பல் எடுத்த வாரம் இந்த சூப்பைத்தான் தினமும் கொடுத்தேன். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “நம்ம கீரைக் கடைசல் மாதிரிதான் இருக்கு. எதுல மசிச்சே?”

“மிக்ஸியிலதாம்மா.”

“அப்போ நீ என்னடி பண்ணே?”

சிரிப்பதற்காகக் கேட்டார். சிரித்தோம். ஆனால் இந்தக் கேள்வியைச் சிரிக்காமலும் கேட்பார்கள். மிக்ஸி அரைக்கிறது, குக்கர் வேகவைக்கிறது, இயந்திரம் துவைக்கிறது, நீ என்ன செய்கிறாய்? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய ‘அம்மாவுக்கு அதிக வேலை’ என்ற ஆய்வு நூல் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கருவிகள் வந்த பிறகு முன்பு ஆணும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்த பங்குகள் மறைந்து, எல்லாம் ஒருத்தியின் தலையில் சேர்ந்தன. எதிர்பார்ப்பும் உயர்ந்தது என்கிறார் அவர். ஒரு வேளை சூப், ரொட்டி என்றிருந்த மேசையில் மூன்று வகை கேட்கத் தொடங்குகிறார்கள். மசிப்பது எளிதானது, என்ன சமைப்பது என்று யோசிப்பது எளிதாகவில்லை.

மிக்ஸியும் தானாக எதையும் செய்வதில்லை. கொதிக்கும் சூப்பை ஜாடியில் ஊற்றி மூடிச் சுற்றினால் ஆவி மூடியைத் தள்ளி முகத்தில் தெறிக்கும், ஆறவிட வேண்டும். ஜாடியில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது. அதிக நேரம் ஓட்டினால் கிழங்கின் மாவுச்சத்து வெளியேறி சூப் கூழ்போல இழுபடும். விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்றுப் போதும். க்ரீம் ஊற்றிய பின் கொதிக்க விடாதீர்கள். க்ரீம் இல்லையென்றால் காய்ச்சிய பால் போதும். குழைவில் பெரும்பங்கு கிழங்கினுடையது.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த பிறகு என் சமையல் குறிப்பேட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே யாரிடம் கற்றேன், எவ்வளவு நேரம் ஆனது, யார் யார் என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். மாணவிகள் தங்கள் வீட்டுச் சமையலை ஒரு வாரம் இப்படிப் பதிந்து பார்க்கலாம். எந்த ஆவணக்காப்பகத்திலும் கிடைக்காத தகவல் சேரும். லீக்ஸ் சூப்புக்குக் கீழே என் பதிவு இது: மொத்தம் ஒரு மணி 25 நிமிடம். மிக்ஸி ஓடியது 30 விநாடி. காய் வாங்கியது, மண் போகக் கழுவியது, நறுக்கியது, ஆறும்வரை காத்திருந்தது, பரிமாறியது நான். அம்மாவால் மெல்ல முடியாது என்று நினைவில் வைத்திருந்ததும் நான். பாத்திரம் கழுவியது தம்பி. இரண்டு முறை சொன்ன பிறகு.